வாசகர் கேள்வி–பதில்: வீரத்துக்குப் பதக்கம், பதக்கத்துக்குச் சாட்சி

சுதந்திர தினத்தையொட்டிப் படைவீரர்களுக்கான வீர விருதுகளின் பட்டியல் வெளியானதைத் தொடர்ந்து, போர்க்களத்தில் வீரம் காட்டியவர்களுக்குப் பதக்கம் அளிக்கும் முறையைப் பற்றி வாசகர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் கேள்வி–பதில் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா இரண்டையுமே நாட்டின் மிக உயர்ந்த வீர விருது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இரண்டில் எது பெரியது? (சேலம், கல்லூரி மாணவி)

பதில்: செய்தித்தாள்கள் எழுதுவதில் பிழையில்லை, ஒவ்வொன்றும் அதனதன் வரிசையில் தலையாயது. எதிரிப் படையை எதிர்கொண்டு நிற்கும் களத்தில் காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா என்று ஒரு வரிசை உண்டு. அத்தகைய களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கும் உயிர்த்தியாகத்துக்கும் அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று மற்றொரு வரிசை உண்டு. முதல் வரிசை 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதலே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. காஷ்மீரில் 1947-48-இல் போரிட்டவர்கள் விடுபட்டுப் போகக் கூடாது என்பதே இப்படிப் பின்தேதியிட்டதன் பயன். இரண்டாம் வரிசை 1952-இல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பெயர்களில் தொடங்கி, 1967-இல் இன்றைய பெயர்களைப் பெற்றது. மூன்றாம் வகுப்பு வீரம் என்று ஒருவருடைய வீரத்துக்குப் பெயரிடுவது காதுக்கு அவ்வளவாக இனிக்காது; பெயரை மாற்றியது நல்ல காரியம்.

வரிசை முறையில் பரம்வீர் சக்ரா முன்னே நிற்கிறது. ஆனால் போர் முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதற்கு விதியில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் உயிரிழந்தார். அங்கே போர் என்று எவரும் அறிவிக்கவில்லை. எதிரிப் படை முன்னே நின்றது. ஆகையால் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. தாம்பரத்தில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகளுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். அது உள்நாட்டுப் பாதுகாப்புப் பணி என்பதால் அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. வீரத்தின் அளவில் வேறுபாடு ஏதும் இல்லை. களத்தின் தன்மையே வரிசையைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: பரம்வீர் சக்ராவை வடிவமைத்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி என்று படித்தேன். உண்மையா? (மதுரை, பள்ளி ஆசிரியர்)

பதில்: பிறப்பால் வெளிநாட்டவர், வாழ்வால் அப்படிச் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகரில் 1913-இல், ஹங்கேரியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்த ஈவ் இவோன், இங்கிலாந்தில் படைப்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த விக்ரம் கானோல்கரைச் சந்தித்து, வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி இந்தியாவுக்கு வந்து, 1932-இல் அவரை மணந்து சாவித்திரி பாய் ஆனார். வந்த நாட்டின் சமஸ்கிருதத்தையும் ஓவியத்தையும் புராணங்களையும் இங்கே பிறந்தவர்கள் பலர் படித்ததைவிட ஆழமாகப் படித்தார். விடுதலைக்குப் பின் புதிய பதக்கங்களை உருவாக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஹிரா லால் அடலிடம் வந்தபோது, அவர் வடிவமைக்கும் வேலையைச் சாவித்திரி பாயிடம் ஒப்படைத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கதை ததீசி முனிவருடையது. விருத்திரனை வெல்ல ஆயுதம் வேண்டித் தேவர்கள் வந்து நின்றபோது, தம் உயிரைத் துறந்து உடலின் எலும்பையே கொடுத்தவர் ததீசி. அந்த எலும்பிலிருந்து பிறந்தது இந்திரனின் வச்சிராயுதம். பரம்வீர் சக்ராவின் முகப்பில் நடுவில் அரசுச் சின்னமும், அதைச் சுற்றி நான்கு வச்சிரங்களும் இருக்கின்றன. மூன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கல வட்டம். ஊதா நிற நாடா. தன் உடலையே ஆயுதமாக்கிக் கொடுத்தவரின் கதையை இந்தப் பதக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த அந்தப் பெண்மணிக்கு, விருது பெறப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதை வாங்க உயிரோடு இருக்கமாட்டார்கள் என்பது தெரிந்தேயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இதுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது.

அவற்றில் முதலாவது, 1947 நவம்பர் 3 அன்று ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு அருகே பட்காமில் உயிர்துறந்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு உரியது. அவருடைய தம்பி மணந்த பெண் சாவித்திரி பாயின் மூத்த மகள். இப்படி ஒரு கதையில் எழுதினால் நாமே நம்ப மறுப்போம்.

கேள்வி: ஒரு வீரருக்கு எந்தப் பதக்கம் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? குண்டு மழைக்கு நடுவே ஒருவர் செய்ததை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? (தூத்துக்குடி, துறைமுக ஊழியர்)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்தப் பக்கங்களுக்கு வந்த கேள்விகளிலேயே கூர்மையானது. நடைமுறை எளிது: களத்தில் உள்ள அதிகாரி, நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களோடு பரிந்துரை எழுதுகிறார். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்டு என்று படிப்படியாக மேலேறித் தலைமையகத்தை அடைகிறது. அந்தந்தப் படையின் விருதுக் குழுவும் அதன்பின் பாதுகாப்பு அமைச்சகத்தின் குழுவும் பார்த்து முடித்தபின், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளிவருகிறது. ஏறும் படிகளில் பரிந்துரைத்த பதக்கம் ஒரு நிலை இறங்குவதும் உண்டு. முற்றிலும் விழுந்துவிடுவதும் உண்டு.

ஆனால் இந்த ஏணி முழுவதும் முதற்படியில் ஒரு கண் கண்டது, ஒரு கை எழுதியது என்ற இரண்டின்மீதே நிற்கிறது. கண்டவர் எவரும் பிழைக்கவில்லை என்றால் என்ன ஆகும்?

1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் சுஷூல் பகுதியில், ரெசாங் லா என்ற கணவாயில் 13-ஆவது குமாவூன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி சீனப் படையை எதிர்த்து நின்றது. 16,000 அடிக்கும் மேலான உயரம். தாங்க முடியாத குளிர். நடுவே மலை மறித்ததால் இந்தியப் பீரங்கிகளின் உதவியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 120 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தனர். பிழைத்துக் கீழே வந்த சிலர், கடைசிக் குண்டு வரை போரிட்டோம் என்று சொன்னபோது, கேட்டவர்களில் பலர் நம்பத் தயங்கினார்கள். தோல்வியின் அவமானத்தில் நாடு துவண்டிருந்த நேரம் அது. இத்தனை பேரும் ஓடாமல் நின்றிருப்பார்களா என்ற ஐயம் எழுந்தது. 1963 பிப்ரவரியில் பனி சற்று விலகி, தேடச் சென்றவர்கள் அங்கே போனபோது, பதுங்கு குழிகளில் அவர்கள் உறைந்த நிலையில், கையில் பிடித்த ஆயுதத்தோடு, நின்ற இடத்திலேயே இருந்தார்கள். கம்பெனித் தலைவர் மேஜர் ஷைத்தான் சிங்கின் உடல் ஒரு பாறையோரம் கிடைத்தது. அவருக்குப் பரம்வீர் சக்ராவும் அவருடைய வீரர்கள் சிலருக்கு வீர் சக்ராவும் சேனா பதக்கமும் வழங்கப்பட்டன. உயிரோடு வந்தவர்கள் சொன்னதற்கு, இறந்தவர்களின் உடல்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

சாட்சி எதிரியிடமிருந்தே வந்த நிகழ்ச்சிகளும் உண்டு. 1943 ஆகஸ்டு 11 அன்று ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், நியூசிலாந்தைச் சேர்ந்த விமானி லாயிட் டிரிக், தன் விமானம் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தபோதும் திரும்பாமல் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின்மீது தாழப் பறந்து குண்டுகளைப் போட்டார். விமானமும் வீழ்ந்தது, கப்பலும் மூழ்கியது. விமானத்தில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. கப்பலிலிருந்து தப்பிய ஜெர்மானியர்கள், அந்த விமானத்திலிருந்தே மிதந்து வந்த ரப்பர்ப் படகில் ஏறி உயிர் பிழைத்து, பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டபின், தங்களைத் தாக்கிய விமானியின் துணிவை விவரித்தார்கள். அந்த வாக்குமூலத்தின் அடிப்படையிலேயே டிரிக்குக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

கார்கில் போரிலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. 1999 ஜூலையில் டைகர் ஹில் பகுதியில் பாகிஸ்தான் படையின் கேப்டன் கர்னல் ஷேர் கான் பதில் தாக்குதல் நடத்தி உயிரிழந்தார்; ‘கர்னல்’ என்பது அவருடைய பெயர், பதவி அன்று. அவருடைய உடலைத் திருப்பி அனுப்பும்போது, எதிர்த்து நின்று போரிட்ட இந்திய பிரிகேடின் தலைவர் எம்.பி.எஸ். பஜ்வா, இவர் மிகுந்த வீரத்தோடு போரிட்டார் என்று ஒரு தாளில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான நிஷானே ஹைதரை அளித்தது. ஒரு துண்டுத் தாள் எல்லையைக் கடந்து செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். எதிரியிடத்தும் வீரத்தைக் கண்டால் பாடும் மரபு புறநானூற்றைப் படித்த நமக்குப் புதிதன்று; ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், பீரங்கிச் சத்தம் ஓயாத மலையில், ஒரு படைத்தலைவருக்கு அது தோன்றியது என்பது பெரிய செய்தி.

கேள்வி: இறந்துவிட்டதாக எண்ணி விருது அறிவித்தபின், அந்த வீரர் உயிரோடு திரும்பியதுண்டா? (காரைக்குடி, இல்லத்தரசி)

பதில்: உண்டு, பரம்வீர் சக்ரா வரலாற்றிலேயே இருமுறை. 1962 அக்டோபரில் பாங்காங் ஏரியின் வடகரையில் சிரிஜாப் காவல் நிலையைக் காத்து நின்ற மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நம்பினார்கள். குடும்பத்தார் இறுதிச் சடங்குகளையும் முடித்துவிட்டார்கள். ஆனால் அவர் சீனர்களிடம் சிறைப்பட்டிருந்தார். 1963 மே மாதம் விடுதலையாகி வீடு திரும்பினார்.

மற்றவர் யோகேந்திர சிங் யாதவ். டைகர் ஹில்லின் செங்குத்தான பாறையில் கயிறு கட்டி ஏறி, பல குண்டுகள் பாய்ந்த உடம்போடு எதிரியின் பதுங்கு குழிகளைத் தாக்கியபோது அவருக்கு வயது 19. மறைவுக்குப் பின் வழங்கப்படுவதாக விருது அறிவிக்கப்பட்டது; விசாரித்தால் அவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அதே தாக்குதலில் இறந்த வேறொரு வீரருக்கும் அதே பெயர். அந்த மற்றவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கேள்வி: பதக்கத்தின் உலோகத்துக்கு மதிப்பு உண்டா? பணம் ஏதும் தருவார்களா? (ஈரோடு, வணிகர்)

பதில்: வணிகர் கேட்க வேண்டிய கேள்விதான். பரம்வீர் சக்ரா வெண்கலம்; அதற்கு அடுத்த நிலைகளான மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. பிரிட்டனின் விக்டோரியா கிராஸும் வெண்கலமே. பழைய பீரங்கி உலோகத்தை உருக்கிச் செய்தது. உச்சியில் இருப்பதை வேண்டுமென்றே விலை குறைந்த உலோகத்தில் செய்வது இரு நாடுகளுக்கும் பொதுவாக இருக்கிறது. 2017 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த உயர்வின்படி பரம்வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாயும், அசோக சக்ராவுக்கு 12,000 ரூபாயும், மகாவீர் சக்ராவுக்கு 10,000 ரூபாயும், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாயும் படியாக வழங்கப்பட்டன. மாநில அரசுகள் தனியாகத் தரும் தொகையும் நிலமும் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகின்றன. ஒரே மலையில் ஒரே இரவில் காட்டிய வீரத்துக்கு, பிறந்த மாநிலத்தைப் பொறுத்து வெவ்வேறு தொகை கிடைப்பது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: வெள்ளையர் ஆட்சியில் நம்மவர்களுக்கு இப்படிப்பட்ட பதக்கங்கள் கிடைத்தனவா? தமிழர் எவரேனும் பெற்றிருக்கிறார்களா? (காஞ்சிபுரம், நெசவாளர்)

பதில்: விக்டோரியா கிராஸ் 1856-இல் ஏற்பட்டபோது இந்தியச் சிப்பாய்களுக்கு அது கிடையாது. அவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 1837-இல் ஏற்படுத்திய ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்ற தனி விருது இருந்தது. அரசருக்காகச் சாவதில் சமத்துவம் இருந்தது, அவர் கையால் பதக்கம் பெறுவதில் இருக்கவில்லை. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் டெல்லி தர்பாருக்கு வந்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. மூன்றே ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்தது. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹொல்லபேக்கில், இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்த மற்றவர்கள் அனைவரும் இறந்தபின்னும் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்த குதாதாத் கான் என்ற சிப்பாய், விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியப் படைவீரர் ஆனார்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் பிறந்து, மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படையில் சுபேதாராக இருந்தவர் சுப்பிரமணியன். 1944-இல் இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவோடு சென்றபோது, காலடியில் ஒரு கண்ணிவெடி விசை தட்டிவிட்டது. அது வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில், உடனிருந்தவர்களைக் காப்பதற்காக அவர் அதன்மேல் விழுந்தார். அவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. எதிரி நேரில் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸுக்கு இணையாக 1940-இல் பிரிட்டன் ஏற்படுத்திய விருது அது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவர் பெயருக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

இரு ஆட்சியிலும் பெற்ற ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். 1944-இல் பர்மா முனையில் விக்டோரியா கிராஸ் பெற்ற நந்த் சிங், 1947 டிசம்பரில் காஷ்மீரின் ஊரியில் சுதந்திர இந்தியாவுக்காகப் போரிட்டு இறந்து மகாவீர் சக்ரா பெற்றார். வேறொரு கொடியின் கீழ் நின்றதால் மனிதர் மாறிவிடவில்லை.

கேள்வி: பழந்தமிழகத்தில் பதக்கம் போல ஏதேனும் இருந்ததா? (தேனி, தமிழாசிரியை)

பதில்: நீங்கள் கற்பிப்பவற்றிலேயே இருக்கிறது. அரசனிடம் சிறப்புப் பெற்ற வீரன் அதைப் பற்றிப் பேசும் பெருமித மொழியை, ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்று தொல்காப்பியம் வஞ்சித் திணையில் ஒரு துறையாகவே வைக்கிறது. ‘ஏனாதி’ என்பது படைத்தலைவனுக்கு அரசன் அளித்த பட்டம். அதற்கு அடையாளமாக மோதிரமும் உண்டு. புறநானூற்றின் 167-ஆம் பாடல் ஏனாதி திருக்கிள்ளி என்பவனைப் பற்றியது. நீ எதிர்நின்று போரிட்டதால் உன் உடல் முழுதும் வடு. கேட்பதற்கு இனியவன், காண்பதற்கு இனியவன் அல்லன். உன் பகைவர்களோ உனக்குப் புறமுதுகிட்டதால் வடுவற்ற அழகிய உடலோடு இருக்கிறார்கள். காண்பதற்கு இனியர், கேட்பதற்கு இன்னாதவர். இவ்வாறு போகிறது பாடல். பட்டம் பெற்றவனைப் பாட வந்த புலவர் அவனுடைய மோதிரத்தைக் காட்டவில்லை, வடுவைக் காட்டுகிறார் என்பது கவனிக்கத்தக்கது.

மறைவுக்குப் பின் வழங்கும் விருதுக்கு நம்மிடம் இருந்த நேர்ச் சொல் நடுகல். கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி வாழ்த்தி வழிபடுவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. உங்கள் மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்துவனின் கல் என்று தமிழி எழுத்தில் சொல்கிறது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். பெயர், ஊர், இறந்த இடம், நிகழ்ச்சி: ஒரு வரிக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. விக்டோரியா கிராஸின் பின்புறத்தில் பெறுபவரின் பெயரையும் படைப்பிரிவையும் வீரச்செயல் நடந்த நாளையும் பொறிக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தேனியில் உளி பிடித்தவரும் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே நினைத்திருக்கிறார்.

கேள்வி: கடற்படைக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்ததே இல்லையா? (நாகப்பட்டினம், மீனவர்)

பதில்: இல்லை. 21 பேரில் 20 பேர் தரைப்படையினர். ஒருவர் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு இறந்த விமானி நிர்மல்ஜித் சிங் செக்கோன். அதே போரில் குக்ரி என்ற போர்க்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது, தன் ஆட்களைத் தப்பச் செய்துவிட்டுக் கப்பலோடு தானும் மூழ்கிய கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. உங்களைப் போலக் கடலை அறிந்தவர்களுக்கு அந்த முடிவின் எடை நன்றாகவே புரியும்.

கேள்வி: போரே தவறு என்று நினைப்பவர்கள், அந்தப் போரில் அளித்த பதக்கத்தை எப்படிப் பார்ப்பது? இலங்கையில் அமைதிப்படைக்கு அளித்த விருதுகளை மனத்தில் வைத்தே கேட்கிறேன். (சென்னை, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)

பதில்: மழுப்பாமல் பதில் சொல்ல முயல்கிறேன். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயில் பிறந்த தமிழர். மகார் படைப்பிரிவின் எட்டாவது பட்டாலியனைச் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 அன்று இரவு, தேடுதல் பணி முடிந்து திரும்பும் வழியில் அவருடைய குழுவை விடுதலைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினர். அவர் பின்புறமாகச் சுற்றிவந்து எதிர்த்தாக்கினார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தபின்னும் எதிரில் இருந்தவரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை இட்டுக்கொண்டிருந்தார். பரம்வீர் சக்ரா பெற்ற இந்தத் தமிழரின் பெயரைத் தமிழ் வாசகர்கள் மற்றப் பெயர்களைப் போலக் கலக்கமின்றிப் படிக்க முடிவதில்லை. இருபுறமும் தமிழ் பேசுவோர் இருந்த களம் அது. அமைதிப்படையில் சென்றவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்தப் படை இருந்த காலத்தில் ஈழத்துக் குடும்பங்கள் பட்ட துயரமும் ஆறாமல் இருக்கிறது.

ஒரு பதக்கம், ஓர் இரவில் ஒரு மனிதர் என்ன செய்தார் என்பதற்கே சாட்சி சொல்கிறது. அந்த இரவுக்கு அவரை அனுப்பிய முடிவு சரியா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சொல்ல வைக்க முயல்வது அரசியல்வாதிகளின் வேலை. ஆகையால் அவருடைய துணிவை மதிப்பதும், அந்தப் படையெடுப்பைக் கடுமையாக விமர்சிப்பதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்றே நான் நினைக்கிறேன். பதக்கம் பெற்றவரே பின்னர் மனம் மாறினால் என்ன செய்யலாம் என்பதற்குக் காந்தியடிகள் வழி காட்டியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் போயர் போரிலும் சூலூ கிளர்ச்சியின்போதும் காயமுற்றோருக்குத் தொண்டு செய்ததற்காகப் பெற்ற பதக்கங்களையும் கெய்சரே ஹிந்த் பதக்கத்தையும் 1920 ஆகஸ்டில் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது அரசிடமே திருப்பி அனுப்பினார். செய்த தொண்டுக்காக அவர் வருந்தவில்லை. கொடுத்த கையை ஏற்க அவருக்கு மனமில்லாமற்போனது.

கேள்வி: கொடுத்த பதக்கத்தை அரசே பறிக்க முடியுமா? (கோயம்புத்தூர், வழக்கறிஞர்)

பதில்: விதிகளில் அதற்கு இடம் உண்டு. விக்டோரியா கிராஸ் பெற்றபின் குற்றம் புரிந்த எட்டுப் பேரிடமிருந்து, 1861-க்கும் 1908-க்கும் இடையில், அந்த விருது பறிக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு இது பிடிக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்படும் நிலை வந்தாலும் தூக்குமேடையில் அந்தப் பதக்கத்தை அணிய அதைப் பெற்றவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதே மன்னரின் கருத்து என்று, அவருடைய செயலாளர் 1920-இல் எழுதிய கடிதம் இருக்கிறது. அதன்பின் எவரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. மன்னர் பக்கமே என் வாக்கு. நேற்று செய்ததை இன்று செய்த குற்றம் நடக்காததாக ஆக்கிவிடாது.

கேள்வி: என் தாத்தாவின் பெட்டியில் நட்சத்திர வடிவில் இரண்டு பதக்கங்களும் வட்ட வடிவில் ஒன்றும் கிடைத்தன. அவர் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். அவருடைய தந்தை முதல் போருக்குச் சென்றவர். இவை வீரப் பதக்கங்களா? நான் அணியலாமா? (வேலூர், வங்கி ஊழியர்)

பதில்: வேலூர்ப் பக்கத்து வீடுகளில் இத்தகைய பெட்டிகள் நிறைய உண்டு, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் அங்கே இருக்கின்றன. நட்சத்திரங்கள் பெரும்பாலும் 1939–45 நட்சத்திரமும் பர்மா நட்சத்திரமுமாக இருக்கும். இவை தனிப்பட்ட வீரச்செயலுக்காகத் தரப்பட்டவை அல்ல. குறிப்பிட்ட போர்முனையில் பணியாற்றிய அனைவருக்கும் உரியவை. அதனால் அவற்றைக் குறைத்து மதிக்க வேண்டாம். பர்மாவில் மலேரியாவும் மழையும் பசியும் தின்றது போகத் திரும்பி வந்தவர் என்பதற்கு அந்த நட்சத்திரம் சான்று.

அணிவதைப் பொறுத்தவரை, பெற்றவர் இடப்பக்க மார்பில் அணிவது முறை. மறைந்த வீரரின் குடும்பத்தார், நினைவிடங்களில் அஞ்சலி செலுத்தும் நிகழ்ச்சிகளில் வலப்பக்க மார்பில் அணியும் வழக்கம் உண்டு. அலுவலகத்துக்கோ திருமணத்துக்கோ அணிந்து செல்ல வேண்டாம்.

வட்டப் பதக்கத்தின் விளிம்பை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசு இரண்டாம் போரின் நட்சத்திரங்களில் பெயர் பொறித்துத் தரவில்லை. முதல் போரின் பதக்கமாக இருந்தால் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய எழுத்தில் இருக்கும். அப்படியானால் அது தாத்தாவுடையது அன்று, அவருடைய தந்தையுடையது. எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம் ஏதேனும் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, அடுத்து யாருக்கு எழுதுவது என்று கேளுங்கள். ஒன்று மட்டும் முக்கியம். பளபளப்பாக்க நினைத்து, குத்துவிளக்குக்குப் போடும் புளியையோ கடையில் விற்கும் பாலிஷையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முதலில் அழிவது விளிம்பில் உள்ள அந்தப் பெயராகத்தான் இருக்கும்.